யார் வேலைக்குப் பக்கத்தில்?

1

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வரும்போது ஒரு மேப் கொண்டுவந்தார். நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. லண்டன் இல்லை. லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளி, புகைபோக்கிகள் நிறைந்த ஒரு ஊர். அவர் சூப்பர்வைசராக இருக்கும் பாக்டரி இந்த ஊரின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்கு மாறப் போகிறதாம். கம்பெனியே ஆளுக்கொரு மேப்பும் ஒரு பாரமும் கொடுத்து, குடும்பத்தோடு எந்தப் பகுதிக்குக் குடிபோக விருப்பம் என்று மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. வீடு பார்த்துத் தருவதும் அவர்கள் பொறுப்பு.

நல்ல விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாரத்தைப் படித்துப் பார்த்தேன். குடும்பத் தலைவர் பெயர், பாக்டரியில் அவர் எந்தப் பிரிவு, எந்த ஷிஃப்ட், குழந்தைகள் எத்தனை, நாய் உண்டா. நாய்க்குக்கூட ஒரு கட்டம் இருக்கிறது. மனைவிக்கு வேலை உண்டா என்று கேட்க ஒரு கட்டம் இல்லை.

அதே வாரம் எனக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. அதை அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை. அது என்ன கடிதம் என்று பிறகு சொல்கிறேன். ஸ்டாஃப் ரூம் தோழிகள் நீங்கள் எல்லோரும் "பனி எப்படி இருக்கும், சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க, நம்ம பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதுங்க டீச்சர்" என்று மாற்றி மாற்றி எழுதுகிறீர்கள். பனி வெள்ளையாக இருக்கிறது, சாப்பாடு உப்பில்லாமல் இருக்கிறது. அவ்வளவுதான். அந்த மேப்பைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஸ்ரீரங்கத்தில் நாங்கள் வீடு மாறின கதைதான் மனசில் ஓடுகிறது. அதையே எழுதிவிடுகிறேன்.

2

அறுபத்திரண்டாம் வருஷம். கல்யாணமாகி நாலு வருஷம், பையன் குமாருக்கு இரண்டு வயசு. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். நம் பள்ளிக்கூடத்தில் நான் எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து முதல் மணி அடிப்பது காதில் விழும். இரண்டாவது மணிக்குள் நான் வகுப்பில் இருப்பேன்.

அப்போதுதான் அவருக்குத் திருவெறும்பூரைத் தாண்டி வந்துகொண்டிருந்த புது பாக்டரியில் வேலை கிடைத்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து மெயின்கார்டு கேட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருவெறும்பூருக்கு ஒரு பஸ், அப்புறம் நடை. போக வர ஒரு நாளில் மூன்றரை மணி நேரம் ரோட்டிலேயே போயிற்று. பாவம், வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றாமலே தூங்கிவிடுவார்.

"வேலைக்குப் பக்கத்துல போயிடலாம்" என்றார் ஒரு நாள்.

"யார் வேலைக்கு?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவே இல்லை. வேலை என்றால் அவருடையது. என்னுடையது "பள்ளிக்கூடம் போறது". எங்கள் வீட்டில் மட்டுமில்லை, எல்லார் வீட்டிலும் அப்படித்தான் பேச்சு.

மனுஷர் எதையும் முறையாகச் செய்வார். திருச்சி மேப் ஒன்று வாங்கிவந்து தரையில் விரித்தார். என் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து காம்பஸை எடுத்தார். பாக்டரி இருக்கும் இடத்தில் ஊசியைக் குத்தி, மூன்று மைல் அளவுக்கு விரித்து, ஒரு வட்டம் போட்டார். நான் குமாருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பார்த்தேன். எத்தனை பெண்களுக்கு வட்டம் போடச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், என் காம்பஸாலேயே என்னை வெளியே விட்டு ஒரு வட்டம் விழுந்தது. காவிரிக்கு அந்தப் பக்கம் மேப்பின் மேல் ஓரத்தில் ஸ்ரீரங்கம் இருந்தது. வட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனோம். துவாக்குடிப் பக்கம் வெறும் பொட்டல். ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. புரோக்கர் ஒருத்தர் அந்த ஆடுகளைக் காட்டி, "இன்னும் அஞ்சு வருஷத்துல பாருங்க சார், இந்த இடத்துல நிக்க இடம் இருக்காது" என்றார். அன்றைக்கு நிற்க நிழல்தான் இல்லை. தில்லை நகர் வட்டத்துக்குள் வராது. இருந்தாலும் புது மனைகள் போடுகிறார்களே என்று எட்டிப் பார்த்தோம். தெருவுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, நம்பர்தான். முந்தின நாள் மழை பெய்து, இவருடைய ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. மறு செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

வரும் வழியில் நான்தான், "திருவானைக்காவல்ல ஒரு வீடு இருக்குன்னு சொன்னாங்க, பார்த்துட்டுப் போயிடலாமே" என்றேன். இறங்கிப் பார்த்தோம். கிணறும் கொல்லையில் இரண்டு தென்னையும் உள்ள சின்ன வீடு. சொந்தக்காரர் கோமதியம்மா பக்கத்துப் போர்ஷனிலேயே இருந்தார். வீடு இவருக்கும் பிடித்தது. ஆனால் வெளியே வந்ததும் சிரித்தார். "இங்க வர்றதுக்கு அங்கயே இருக்கலாம். ரெண்டு மைல்தான் கிட்ட."

எனக்கு அந்த இரண்டு மைல் போதும். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தே வந்துவிடலாம்.

கடைசியில் அவர் முடிவு செய்தது திருவெறும்பூரில், குன்றுக் கோயிலுக்குக் கீழே, புதுச் சுண்ணாம்பு அடித்த ஒரு வீடு. பாக்டரிக்கு சைக்கிளில் பத்து நிமிஷம்.

"பள்ளிக்கூடம்?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"பாக்டரி வந்தா ஸ்கூல் வராமலா போகும்? வந்ததும் சேந்துக்கயேன்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பினார்.

அத்தை, அதாவது என் மாமியார், அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்: "அவன் சம்பளம் வருதில்ல, நீ ஏன் வெயில்ல அலையணும்? புள்ளையப் பாத்துக்கிட்டு நிம்மதியா இரு." அவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னைச் சுற்றி இருந்த எல்லாருமே நல்லவர்கள். அதனால்தான் சண்டை போட ஆளில்லை.

ஒரு தடவை வேலையை விட்டால் திரும்பக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். என் இடத்துக்கு வரக் காத்திருந்தவர்கள் யார் யார் என்றும் தெரியும். அவர்களில் இரண்டு பேர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

3

அத்தை இப்போது லால்குடியில் கொழுந்தனார் வீட்டில் இருக்கிறார். பள்ளிக்கூட மலர் வந்தால் அவருக்கு யாராவது படித்துக்காட்டுவார்கள். படிப்பவர் இரண்டாம் பகுதியோடு நிறுத்திக்கொண்டால் புண்ணியமாகப் போகும்.

ஆனி முடிய இருந்தது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதனால் எல்லாரும் செய்கிறதையே நாங்களும் செய்வதாக ஏற்பாடு. ஆனிக்குள் ஒரு நல்ல நாளில் புது வீட்டில் பால் மட்டும் காய்ச்சிவிட்டு வந்துவிடுவது. அப்புறம் சாமான்களை மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம். பால் பொங்கிவிட்டால் குடிபோன மாதிரிதான்.

நாள் வெள்ளிக்கிழமை அமைந்தது. ஒன்பதேகாலிலிருந்து பத்தேகாலுக்குள் காய்ச்ச வேண்டும். பத்தரைக்கு ராகுகாலம். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் அத்தைதான் கூட வந்திருக்க வேண்டும். ஆனால் மாமனார் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. "நான் முன்னாடி வந்து நிக்கக் கூடாதும்மா. நீ சுமங்கலி, நீ போய்க் காய்ச்சிட்டு வா" என்றார். நான் எவ்வளவு சொல்லியும் வரவில்லை. யாரோ எப்போதோ போட்ட அந்த வழக்கத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் அன்றைக்கு அது என்னைத் தனியாக பஸ் ஏற்றிவிட்டது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இடுப்பில் குமார். ஒரு கையில் தூக்குவாளியில் பால். இன்னொரு கையில் பை. அதற்குள் புது வெண்கலப் பானை, உப்பு, மஞ்சள், துவரம்பருப்பு, சாமி படம், ஒரு கட்டு சுள்ளி. பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லியிருந்தேன். திருவானைக்காவல் வழியாகப் போகிற பஸ் வந்தது, ஏறினேன். கண்டக்டர் தூக்கைப் பார்த்ததும், "பால் காய்ச்சப் போறீங்களாம்மா? நல்லா இருங்க" என்று ஓர் ஆளை எழுப்பி எனக்கு உட்கார இடம் கொடுத்தார்.

நான் எதையும் திட்டம் போடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். திருவானைக்காவலில் பஸ் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். கண்டக்டர் விசில் ஊதப்போனார். என் வாய், "இறங்கணும், இறங்கணும்" என்று சொல்லிவிட்டது. அப்புறம்தான் நான் சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

கோமதியம்மா வாசலில் நின்று தலை காயவைத்துக்கொண்டிருந்தார். என்னையும் தூக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா, நீங்க இன்னும் முடிவே சொல்லலியே?"

"இப்பதான் முடிவாச்சுங்க. சாவி குடுங்க."

"உங்க வீட்டுக்காரர் வரலையா?"

"லீவு இல்லிங்க."

அதில் பொய் எதுவும் இல்லை. அந்த அம்மாளும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவரே மூன்று செங்கல் எடுத்துப் போட்டார். சுள்ளி பற்றிக்கொண்டது. சாமி படத்துக்கு முன்னால் பானையை வைத்துப் பாலை ஊற்றினேன். பொங்காமல் போனால் இதோடு விட்டுவிடலாம், நேரே திருவெறும்பூருக்குப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டேன். பால் பொங்காமல் எங்கே போகும்? நுரைத்துக்கொண்டு வந்து வழிந்தது. குமார் கை தட்டினான்.

குமாரைப் பள்ளிக்கூட ஆயாவிடம் விட்டு, மத்தியானம் வகுப்பை முடித்துவிட்டு அவனோடு வீட்டுக்கு வந்தேன். வழியிலேயே ஒரு கதை தயார் பண்ணிக்கொண்டேன். திருவானைக்காவலில் பஸ் ரிப்பேராகி நின்றுவிட்டது, வேறு பஸ் வரவில்லை, மணி பத்து ஆகிவிட்டது, ராகுகாலம் வந்துவிடுமே என்று பயந்து தெரிந்த வீட்டிலேயே காய்ச்சிவிட்டேன்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தார்.

"பொங்கிச்சா?"

"பொங்கிச்சு அத்தை."

"எந்தப் பக்கம் வழிஞ்சுது?"

"கிழக்கே."

அவ்வளவுதான் விசாரணை. "கிழக்கே வழிஞ்சிருக்கு, அப்புறம் என்ன? பால் பொங்குன வீட்ட விட்டுட்டு இன்னொரு வீட்டுக்குப் போறதாவது! அம்மாடியோ!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் இவர் வந்ததும் வராததுமாக அத்தையே எல்லாவற்றையும் சொல்லி, அத்தையே தீர்ப்பும் சொல்லிவிட்டார். நான் சமையலறையைவிட்டு வெளியே வரவில்லை.

இவர், வட்டம் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்த மேப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "சரி, ஆறே கால் பஸ்ஸுக்குப் போயிக்கிறேன்" என்றார்.

வேலைக்குப் பக்கத்தில் போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு இரண்டு மைல் நகர்ந்த குடும்பம் திருச்சி ஜில்லாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். அவருடைய பாக்டரி நண்பர்கள் வருஷக்கணக்கில் கேலி பண்ணினார்கள். ஆறு வருஷம் அவர் ஆறே கால் பஸ்ஸுக்குப் போனார். ஆறு வருஷமும் நான் நாலரைக்கு எழுந்து தயிர்சாதம் பிசைந்து டிபன் பாக்ஸ் கட்டினேன். மூடியை அழுத்தும்போதெல்லாம் அந்தப் பொய் ஞாபகத்துக்கு வரும்.

4

இங்கே வரும் வாய்ப்பு அவருக்கு வந்தபோது நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பத்து மைலுக்காகப் பால் பானையோடு பஸ்ஸிலிருந்து குதித்தவள், கடல் தாண்டிப் போக வேண்டும் என்றபோது ராஜினாமா கடிதத்தை எழுதி ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். நீங்கள் எல்லாரும் ஆச்சரியப்பட்டீர்கள். "சரோஜா டீச்சரா வேலைய விட்டாங்க?" என்று பேசிக்கொண்டீர்களாம். ஆறு வருஷ பஸ்ஸுக்கு நான் வேறு எப்படி ஈடு கட்டுவது?

இங்கே வந்தபின் காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் போய்விடுவார்கள். வாசலில் பால் பாட்டில் நிற்கும். சாயங்காலம் நாலு மணிவரை நானும் ஜன்னலும்தான். முதல் மாதத்தில் வீட்டிலுள்ள எல்லா வட்டமான சாமானுக்கும் சுற்றளவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிரிக்காதீர்கள்.

குமாருக்கு இப்போது ஒன்பது வயசு. நான் தமிழில் கேட்பேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். காவிரி ஞாபகமிருக்கா என்றால் தோளைக் குலுக்குகிறான். கணக்கில் சந்தேகம் கேட்க மாட்டேன் என்கிறான். இங்கே வேறு மாதிரி போடுகிறார்களாம், உனக்குத் தெரியாதும்மா என்கிறான். எட்டாவது, ஒன்பதாவதுக்குக் கணக்கு எடுத்தவளிடம்! என் காம்பஸ் அவன் ஸ்கூல் பையில்தான் இருக்கிறது. அந்த அளவுக்கு உறவு விட்டுப்போகவில்லை.

சும்மா இருக்க முடியாமல் இங்கத்திய கல்வி ஆபீஸுக்கு எழுதிப் போட்டேன். முதல் பதில்: சான்றிதழ்களின் அசலை அனுப்பவும். அனுப்பினேன். இரண்டாவது பதில்: சான்றிதழில் உள்ள முத்திரை வேறு மொழியில் இருக்கிறது, மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பு சரி என்று ஒருவரிடம் சான்று வாங்கி அனுப்பவும். சான்றிதழ் முழுக்க இங்கிலீஷில்தான் இருந்தது. நம் பள்ளிக்கூட முத்திரை மட்டும் தமிழில். அதில் இருப்பது பள்ளிக்கூடத்தின் பெயரும் ஊரும். அதற்கு ஒரு மொழிபெயர்ப்பு, அதற்கு ஒரு சாட்சி, அந்தச் சாட்சி யார் என்று இன்னொரு கடிதம். ஏழு மாதம் ஓடியது. நேரில் போனபோது கவுண்டரில் இருந்த பெண் ரொம்ப மரியாதையாக, "கோடைக்குள் தெரிந்துவிடும்" என்றாள். எந்தக் கோடை என்று சொல்லவில்லை.

கடைசியில் வந்த மூன்றாவது பதில்தான் அரிசி டின்னுக்கு அடியில் இருந்தது. திருச்சியில் படித்த பயிற்சி மட்டும் போதாது, இங்கே ஒரு காலேஜில் ஒரு வருஷம் படித்தால் பள்ளிக்கூடத்தில் எடுத்துக்கொள்வார்கள், எனக்கு இடமும் ஒதுக்கியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். காலேஜ் ஊரின் மேற்குக் கோடியில், இப்போது நாங்கள் இருக்கும் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பாக்டரி போவது கிழக்குக் கோடிக்கு. அதே கதை, ஆறும் பாலமும் மட்டும் இல்லை.

சொல்லலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். சொன்னால் மறுபடியும் அவர் பஸ்ஸில் போகிறேன் என்பார். இன்னொரு ஆறு வருஷம் அதே மனச்சுமையோடு டிபன் பாக்ஸ் கட்ட என்னால் ஆகாது. சொல்லாவிட்டால் ஜன்னல் இருக்கவே இருக்கிறது.

5

சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் மேப்பை விரித்தார். குமாரின் பையிலிருந்து காம்பஸை எடுத்தார். புது பாக்டரி இருக்கும் இடத்தில் ஊசியைக் குத்தினார். மூன்று மைல். வட்டம். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

வட்டம் போட்டு முடித்தவர் காம்பஸைக் கீழே வைக்கவில்லை. என் பக்கம் நீட்டினார்.

"உன்னோடது எங்க?"

"எனக்கென்ன வட்டம்? நான் வீட்டிலதானே இருக்கேன்."

"சரோஜா, இந்தத் தடவையாவது பஸ் ரிப்பேர் ஆகறதுக்கு முன்னாடியே சொல்லிடு."

கத்தி நின்றுவிட்டது. "எந்த பஸ்?" என்றேன்.

"திருவானைக்காவல்ல நின்னுச்சே, அந்த பஸ். மறுநாளே அந்தக் கண்டக்டர்கிட்ட கேட்டேன். 'நம்ம வண்டி எங்கயும் நிக்கலிங்களே, ஒன்பது அடிக்கறதுக்குள்ள மெயின்கார்டு கேட்டுக்குப் போயிட்டமே'ன்னார். தூக்கும் பையுமா ஒரு அம்மா அவசரமா இறங்கினாங்கன்னும் சொன்னார்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஏழு வருஷம்! அந்தப் பொய்யை நான் ஒருத்தியே சுமந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேனே! "தெரிஞ்சுக்கிட்டா வாயத் தொறக்காம இருந்தீங்க? ஏன் கேக்கல?"

"கேட்டா நீ நிஜத்தச் சொல்லிடுவ. அப்புறம் நான் அம்மாகிட்ட என்ன சொல்றது? அவங்க கிழக்க வழிஞ்சுதுன்னு சந்தோஷமா இருந்தாங்க." மேப்பைப் பார்த்துக்கொண்டே, "நானும்தான் உன்னைக் கேக்காம வட்டம் போட்டேன்" என்றார்.

வெங்காயத்தின் மேல் பழி போடாமல் உட்கார்ந்து அழுதேன். இவர் மேப் நனையாமல் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

அப்புறம் போய் அரிசி டின்னை நகர்த்திக் கடிதத்தை எடுத்துவந்து கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். நான் காம்பஸை வாங்கி, காலேஜ் இருக்கும் இடத்தில் ஊசியைக் குத்தி, அதே மூன்று மைலுக்கு ஒரு வட்டம் போட்டேன். இரண்டு வட்டமும் ஒன்றையொன்று தொடவே இல்லை. நடுவில் இரண்டு விரல்கடை இடைவெளி.

"யாராவது ஒருத்தர் பஸ்லதான் போகணும்" என்றார்.

"நான் போயிக்கிறேன்" என்றேன். "பாக்டரிப் பக்கமே பாருங்க. காலேஜ் ஒரு வருஷம்தானே. முடிச்சதும் வேலைக்கு அந்தப் பக்கமே ஒரு பள்ளிக்கூடம் கேட்டுப் பாக்கிறேன்."

அவர் ஸ்கேலை வைத்து, பாரத்தில் நாய்க்கான கட்டத்துக்குக் கீழே ஒரு புதுக் கட்டம் வரைந்தார். அதற்குள், மனைவி, கணக்கு ஆசிரியை என்று இங்கிலீஷில் எழுதினார். நான் இன்னும் ஆசிரியை ஆகவில்லையே என்றேன். அழிக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"காலையில ஆறே கால் பஸ் இங்கயும் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. விசாரிச்சுட்டேன்."

"அப்ப டிபன் பாக்ஸ்?"

"நீங்கதான் கட்டணும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கீழே இறங்கி வந்தபோது அடுப்படியில் சத்தம் கேட்டது. தயிர்சாதத்துக்கு எவ்வளவு உப்பு போட வேண்டும் என்று குமாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.